பட்டியலில் வராத ஊர்களும் கல்லூரிகளும்

கேள்வி இதுதான்: படிக்கப் போகும் கல்லூரியையும், விடுமுறைக்குப் போகும் ஊரையும் மக்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? தரமா, செலவா, விளம்பரமா, அக்கம்பக்கத்துப் பேச்சா? கேட்டவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு கல்லூரி பெயர் சொல்கிறார்களாம். கோடைக்கு எங்கே போவது என்பதிலும் அதே இழுபறியாம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 24 வருடமாக இயற்பியல் ஆசிரியர். பொறியியல் கவுன்சிலிங் சமயத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாய்ஸ் போட, அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க, உதவுவதும், வருடா வருடம் பஸ் பிடித்து அவர்களைச் சுற்றுலா அழைத்துப் போவதும் என் தலையில்தான் விழும். அதனால் இந்த இரண்டையும் நான் சேர்த்தே யோசித்துப் பழகிவிட்டேன்.

சேலை வாங்கப் போனால் விரித்துப் பார்க்கலாம். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். நான்கு வருடப் படிப்பை அப்படிப் பார்த்து வாங்க வழியில்லை. மூன்று நாள் பயணமும் அப்படித்தான், போய் இறங்கிய பிறகுதான் தெரியும். பார்க்க முடியாத பொருளை நாம் காதால்தான் வாங்குகிறோம். யார் போனார்கள், வந்து என்ன சொன்னார்கள் என்பதே நமக்குக் கிடைக்கும் சரக்கு. காதில் விழுந்த நாலைந்து பெயர்களுக்குள் எது நல்லது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அந்த நாலைந்து பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தேர்வின் பெரும் பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் நான் இத்தனை வருடத்தில் கண்டது.

முதலில் கல்லூரி. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். 2017 வரை பெட்டி கட்டிக்கொண்டு கிண்டிக்குப் போய் நேரில் இடம் எடுக்க வேண்டியிருந்தது. 2018இலிருந்து ஆன்லைன். கவுன்சிலிங்கில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், உச்ச வரம்பு கிடையாது. ரேங்க் வரிசையில் ஒவ்வொருவருடைய பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கம்ப்யூட்டர் ஒதுக்கும். கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போட்டாலும் ஒரு நஷ்டமும் இல்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கும், அவ்வளவுதான்.

இதைப் பத்து முறை சொன்னாலும், என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் எட்டுப் பத்து பெயரோடுதான் வருகிறார்கள். "சார், இதெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப் போகுது, வேண்டாம் சார்" என்று மேலே இருப்பதை அவர்களே அடித்துவிடுவார்கள். கேட்டுப் பார்த்தால் அந்தப் பத்தில் நான்கு எங்கள் சாலையில் காலேஜ் பஸ் ஓடும் கல்லூரிகள். இரண்டு, உறவுக்காரப் பையன் படித்தவை. மிச்சம், பள்ளிக்கு நேரில் வந்து நோட்டீஸ் கொடுத்தவை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி நல்ல கட் ஆஃப் வாங்கியிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். கோயம்புத்தூரில் பெரிய பெயர் உள்ள ஒரு கல்லூரியில் அவளுக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கும். அப்பா கொத்தனார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எதிர்வீட்டுப் பாப்பா இங்கே பக்கத்துல பஸ்ல போயிட்டு வருது சார், அதே காலேஜ் போதும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு கட்டும் என்று நான் சொன்னது அவருக்கு ஒரு வாக்கு. எதிர்வீட்டுப் பெண் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவதை அவர் தினமும் கண்ணால் பார்க்கிறார்.

பணம் எவ்வளவு என்பதைவிட, பணம் நிச்சயமா என்பதே முடிவை மாற்றுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தே பார்த்தது. மாநிலத்தில் நன்றாகப் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளில் பலர் அங்கே விண்ணப்பம்கூடப் போடுவதில்லை. சூசன் டைனார்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் குழுவின் யோசனைப்படி, 2015இல் அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கடிதம் அனுப்பினார்கள்: இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது, உதவிக்கென்று தனிப் படிவம் எதையும் நிரப்ப வேண்டாம். கடிதம் போகாத பிள்ளைகளில் விண்ணப்பித்தவர்கள் 26 சதவீதம். கடிதம் போனவர்களில் 68 சதவீதம். கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாக உயர்ந்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதே உதவி முன்பும் கிடைத்திருக்கும். படிவம் போட்டு, காத்திருந்து, "கிடைக்கலாம்" என்ற நிலையில் இருந்தது. "கிடைக்கும்" என்று எழுத்தில் வந்தவுடன் அந்தப் பல்கலைக்கழகம் அவர்கள் பட்டியலுக்குள் வந்துவிட்டது. இதைப் படித்த வருடத்திலிருந்து நான் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றி வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன். அரசாணையின் நகலை எடுத்து, அந்த வரியின் கீழே கோடு போட்டு, அப்பா கையில் கொடுக்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. தில்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியரை வைத்து கிரிஜா போர்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் ஓர் ஆய்வு செய்திருக்கிறார். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக, தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய மேல்தரக் கல்லூரியை விட்டுவிட்டுத் தரவரிசையில் பாதிக்கும் கீழே உள்ள கல்லூரியைக்கூட மாணவிகள் ஏற்கத் தயாராக இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. பாதுகாப்பான வழிக்காக மாணவர்களைவிட வருடத்துக்கு 18,800 ரூபாய் கூடுதலாகச் செலவு செய்யவும் தயார். தெருவில் நடக்கும் சீண்டல் ஒரு பெண்ணின் பட்டத்தையே மாற்றுகிறது என்றால் அது எவ்வளவு பெரிய இழப்பு! எங்கள் ஊரில் "பஸ் வாசலுக்கே வருது" என்று சொல்லும் அம்மாக்கள் சொல்வதும் இதைத்தான். "தரத்தைப் பார்க்கத் தெரியவில்லை" என்று அவர்களைப் பேசுபவர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

அப்புறம் ரேங்க். போன வருடக் கட் ஆஃப் எங்கே முடிந்தது என்று பார்த்துக் கல்லூரியை எடை போடுவதுதான் நம் ஊர் வழக்கம். கட் ஆஃப் சொல்வது, போன வருடம் மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்பதை மட்டுமே. ஆனாலும் அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. நல்ல கட் ஆஃப் உள்ள பிள்ளைகள் சேர்ந்தால் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் அங்கே வரும். பிளேஸ்மென்ட் கூடினால் அடுத்த வருடக் கட் ஆஃப் இன்னும் ஏறும். கூட்டம் இருக்கும் ஹோட்டலில் சாம்பார் எப்போதும் சூடாக இருப்பது மாதிரி. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு இன்றும் முதல் ரேங்க் பிள்ளைகள் போவதில் இந்தச் சுற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

தேசியத் தரவரிசை, உலகத் தரவரிசை எல்லாம் இந்தச் சுற்றுக்கு வெளியே நின்று அளக்கின்றன என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியல் 2016இலிருந்து வருகிறது. அதில் 100க்கு 10 பங்கு, மற்றவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. கியூஎஸ் உலகப் பட்டியலில் பேராசிரியர்களிடமும் வேலை தருபவர்களிடமும் கேட்டு வாங்கும் நற்பெயருக்கு மட்டும் 45 சதவீதம். பெயர் இருப்பதால் ரேங்க், ரேங்க் இருப்பதால் பெயர். ஆகவே 40ஆம் இடமா 55ஆம் இடமா என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

பாடப்பிரிவுத் தேர்விலும் இதே காற்றுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு மெக்கானிக்கலுக்கு அப்படி ஓர் அடிதடி. இன்று கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ என்ற சொல் ஒட்டிய எதுவாக இருந்தாலும் சரி. சேரும் வருடத்தின் வேலைச் சந்தையைப் பார்த்துச் சேர்கிறார்கள், நான்கு வருடம் கழித்து வேறொரு சந்தைக்குள் வந்து நிற்கிறார்கள்.

இதை எழுதாமல் விட முடியவில்லை: பட்டியலைக் காசு கொடுத்தும் உருவாக்குகிறார்கள். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்தவர், நான் அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று என்னிடமே தொகை சொன்னார். வெளியே போகச் சொல்லிவிட்டேன். ஆனால் அவர் அடுத்த பள்ளிக்குப் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் சொல்லும் பெயரை மந்திரம் போல எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். அந்த நம்பிக்கையை விற்பது மன்னிக்கவே முடியாத காரியம்.

சுற்றுலாவுக்கு வருகிறேன். மே மாதம் என்றால் ஊட்டி, கொடைக்கானல். ஏன் இந்த இரண்டு? நாம் தேர்ந்தெடுத்தவை என்று நினைக்கிறோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் வெயிலுக்குப் பயந்து மலையேறி உருவாக்கிய ஊர் ஊட்டி. பிறகு சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமானது. 1908இல் ரயிலும் போய்ச் சேர்ந்தது. கொடைக்கானலில் முதல் பங்களாக்களை 1845இல் கட்டியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். அவர்களுக்காகப் போட்ட பாதை, கட்டிய விடுதி, வைத்த பூங்கா, நடத்திய மலர்க் கண்காட்சி என்று எல்லாம் அங்கே சேர்ந்தன. பள்ளிக் கோடை விடுமுறையும் சேர்ந்துகொண்டது. நம் தாத்தா போனார், அப்பா போனார், நாமும் போகிறோம். விளைவு என்ன? 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

புதிதாக ஒரு பெயர் காதில் விழ சினிமா போதும். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் பிசாசின் சமையலறை என்று அழைத்த குகை, 1991இல் 'குணா' படப்பிடிப்பு நடந்த பிறகு குணா குகை ஆகிவிட்டது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தவுடன் அங்கே மறுபடியும் கூட்டம் பெருகியது. குகை மாறவில்லை, பெயர் மறுபடி பேச்சில் வந்தது, அவ்வளவுதான்.

சில சமயம் நாம் எங்கே போவோம் என்பதை ஓர் அரசு உத்தரவு முடிவு செய்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்குப் பயணச் சலுகை உண்டு. அந்தமான், காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்களுக்கு அந்தச் சலுகையில் விமானத்தில் போகச் சிறப்பு அனுமதி இருக்கிறது. தபால் துறையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டு ஆல்பத்தில் செல்லுலர் சிறையும் தால் ஏரியும் இருப்பதற்கு இது பெரிய காரணம். தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே வருடம் டிசம்பரிலும் இந்தியர்களை விசா இல்லாமல் உள்ளே விடத் தொடங்கின. எங்கள் பக்கத்தில் மலேசியாவுக்கு அதற்கு முன்பே பழக்கம் உண்டு. திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு மணி நேரம்தான். அங்கே சித்தப்பாவோ மச்சானோ இருப்பார், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கோவாவையே பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் இது வேலை செய்யும். மாலத்தீவுக்கு 2023இல் மிக அதிகமாகப் போனவர்கள் இந்தியர்கள், 2 லட்சத்துக்கும் மேல். 2024 ஜனவரியில் அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் சிலர் இந்தியப் பிரதமரைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் எழுதியதை ஒட்டிக் கோபம் கிளம்பியது. அந்த வருடம் போனவர்கள் சுமார் 1.3 லட்சம் பேர்தான். கடல் அதே நீலம்தான்.

வெளிநாட்டுப் படிப்பில் கல்லூரியும் பயணமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அங்கே விதி எவ்வளவு வலிமையானது என்பதற்கு பிரிட்டன் நல்ல சாட்சி. படித்து முடித்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை தேடும் விசாவை அந்நாடு 2012இல் நிறுத்தியது. இந்தியாவிலிருந்து புதிதாகச் சேர்பவர்கள் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. 2019இல் மறுபடி தரப்போவதாக அறிவித்து, 2021 ஜூலையில் தந்தார்கள். 2022இல் இந்தியர்களுக்குக் கொடுத்த படிப்பு விசா 1 லட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பல்கலைக்கழகங்களின் பாடமும் பேராசிரியர்களும் அப்படியேதான் இருந்தார்கள். பிள்ளைகள் வாங்கியது படிப்போடு சேர்ந்த ஒரு வழியை. வழி அடைபட்டதும் படிப்பின் மதிப்பும் அவர்கள் கண்ணில் இறங்கிவிட்டது. கடன் வாங்கிப் போகும் குடும்பத்துக்கு அது சரியான கணக்குதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் மருத்துவப் படிப்பில் இருக்கிறது. நீட் வந்த பிறகு இங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் பிலிப்பைன்ஸ், உக்ரைன், ஜார்ஜியா என்று போனார்கள். பிலிப்பைன்ஸில் தாவோ நகரத்துக்கு நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் போனதற்குக் காரணம் கேட்டால் அடுக்குவார்கள்: ஆங்கிலத்தில் பாடம், நம் ஊர் மாதிரியே வெயில், ஹாஸ்டலில் தமிழ்நாட்டுச் சாப்பாடு, போன வருடம் போன சீனியர் அங்கே இருக்கிறார். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி கொண்டு வந்தது. வெளிநாட்டில் படிப்பவர்கள் 54 மாதம் படிப்பும் 12 மாதம் பயிற்சியும் அங்கேயே முடித்திருக்க வேண்டும், அந்த நாட்டில் மருத்துவராகத் தொழில் செய்யத் தகுதியும் பெற்றிருக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் நான்கு வருட மருத்துவப் பட்டம் இந்தக் கணக்கில் இடித்தது. அடுத்த மூன்று மாதத்தில் உக்ரைனில் போர். அதன் பிறகு என் பழைய மாணவன் ஒருவனுடைய அம்மா, இனி என்ன செய்வது என்று கேட்டு வீட்டுக்கே வந்தார். சேர்த்துவிட்ட ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. தாவோவில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொன்ன சீனியரும் அப்போது அதே குழியில் இருந்தான்.

இங்கேதான் போய் வந்தவர் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி வருகிறது. காசும் காலமும் செலவழித்தவர் தன் முடிவைத் தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. நான்கு வருடத்தைக் கொடுத்துவிட்டு வீண் என்று சொல்ல எந்த மனதுக்கும் வலிக்கும். ஊட்டியில் மூன்று மணி நேரம் டிராஃபிக்கில் நின்றவரும் படகுச் சவாரிப் படத்தைத்தான் ஸ்டேட்டஸில் வைப்பார். பாதியில் படிப்பை விட்டவன், ஏமாந்து திரும்பியவன் குரல் நம் காதுக்கு வருவதே இல்லை. அவனைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும்.

பள்ளிச் சுற்றுலாவிலும் பல வருடம் நான் அதே பழைய பாதையில்தான் போனேன். பஸ்காரருக்குத் தெரிந்த வழி, தெரிந்த ஹோட்டல், பெண் பிள்ளைகளுக்கு வழியில் கழிப்பறை. இந்த மூன்றும் இருந்தால் அதுவே சுற்றுலாத் தலம். எங்கள் மாவட்டத்திலேயே, புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. குடைவரைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம், பூப்பறிக்கும் துறவி, அன்னம், மீன் என்று ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம். மலையின் மறுபுறம் சமணர் படுத்த கற்படுக்கைகள். ஒரு வருடம் பிளஸ் ஒன் வகுப்பில் யார் யார் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் ஆறு கை உயர்ந்தது. ஊட்டிக்கு இருபதுக்கு மேல். அடுத்த மாதமே டவுன் பஸ்ஸை வாடகைக்குப் பேசி அழைத்துப் போனேன். இப்போது அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறார்கள்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சொல்லும் பெயர்களில் எது நல்லது என்ற சண்டையை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இது யார் மூலம் நமக்குத் தெரிய வந்தது என்று எழுதுங்கள். எல்லாம் ஒரே மாமாவிடமிருந்தோ ஒரே பஸ் ரூட்டிலிருந்தோ வந்திருந்தால் பட்டியல் இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். அவளுடைய கட் ஆஃபுக்குப் போன வருடம் எந்தெந்தக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது என்ற விவரம் கவுன்சிலிங் இணையதளத்தில் இருக்கிறது. அதை எடுத்து, அதற்கு மேலே பத்து, கீழே இருபது சேருங்கள். அதில் அவளுக்குப் பிடித்த நாலைந்து கல்லூரிகளில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண்ணைப் பிடியுங்கள். இறுதி வருடப் பிள்ளைகள் பிளேஸ்மென்ட் நினைப்பில் இருப்பார்கள், முதல் வருடத்தினர் இன்னும் மயக்கம் தெளியாமல் இருப்பார்கள், இரண்டாம் வருடத்தினர்தான் உள்ளதைச் சொல்வார்கள். "காலேஜ் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். போன வாரம் லேபில் என்ன செய்தீர்கள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் ஹாஸ்டலில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். உங்கள் மகளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். சாய்ஸைப் பூட்டி உறுதி செய்யும் வரை வரிசையை மாற்றலாம், ஆகவே கடைசி நாள் அவசரத்தில் உறவினர் போன் வந்தால் எடுக்க வேண்டாம்.

கோடைக்கு ஊட்டிதான் என்று முடிவானால் இ-பாஸை இப்போதே போட்டு வையுங்கள்.